குவளையிற் கரையும் வாழ்வு

பினாங்கில் நம்மவர் கூடும் இடம் எதுவாயினும், திருமண மண்டபமாயினும் இழவு வீடாயினும், ஐம்பதைக் கடந்தவர்கள் சற்று நேரத்தில் ஒரே பேச்சுக்கு வந்துவிடுகின்றனர். "உங்களுக்கு எவ்வளவு?" என்பார் ஒருவர். "காலையில் ஒன்பது" என்பார் மற்றவர். "எனக்குப் பதினொன்று" என்று மூன்றாமவர் போட்டியில் வென்றவர்போல் அறிவிப்பார். பின்னர் மூவரும் சேர்ந்து, "நம் இனத்துக்கு இது பரம்பரைச் சொத்து ஐயா, என்ன செய்வது?" என்று பெருமூச்சு விட்டபடி, பரிமாறுபவர் நீட்டும் பாயசக் கிண்ணத்தைப் பெற்றுக்கொள்வர்.

அந்தப் பெருமூச்சைத்தான் இக்கட்டுரை எதிர்க்கிறது, பாயசத்தை அன்று. ஆண்டுக்குச் சில முறை உண்ணும் பாயசம் எவரையும் கொன்றதில்லை. நாள்தோறும் செய்யும் ஒன்றை விதியின் கணக்கில் எழுதிவைத்துவிட்டு, கை கழுவிக்கொள்ளும் மனப்பான்மையே நம்மைக் கொல்கிறது.

முதலில் நிலைமையை அறிவோம். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சீனி மிகுந்திருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அவ்விகிதம் 31.4. பத்துப் பேரில் மூவர் என்பது இதன் பொருள். ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் நூறு பேர் அமர்ந்திருந்தால், அவர்களுள் முப்பது பேர் இந்நோயினர் என்று கொள்ளலாம். அவர்களுள் பலர் அதை அறியாமலேயே அமர்ந்திருப்பர். 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் பொது விகிதம் 15.6 ஆகக் குறைந்தது. குறைந்தது நன்றே. ஆயினும் ஆறு பேரில் ஒருவர் நோயாளி என்ற நிலையை எவரும் நலமென்று கூறார்.

இனி, பரம்பரை என்னும் வாதத்துக்கு வருவோம். அதில் பாதி உண்மை உண்டு. அதனாலேயே அது பெருந்தீங்கு செய்கிறது. முழுப்பொய்யை எளிதில் விரட்டிவிடலாம். பாதி உண்மை வீட்டுக்குள் வந்து நாற்காலி போட்டு அமர்ந்துகொள்ளும். தெற்காசியர் உடலமைப்பில் ஒரு தனித்தன்மை இருப்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்கிறது. புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்தின் மருத்துவர் யூட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தம் இருவர் படத்தையும் அருகருகே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 விழுக்காடு, இந்தியருக்கு 21.2 விழுக்காடு. பார்வைக்கு மெலிந்தவராகத் தோன்றும் நம்மவர் வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு மறைந்திருக்கிறது. "நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்" என்று சொல்லி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் ஆசிரிய நண்பர்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆனால் மறுபாதி? முப்பது வயதுக்கு மேற்பட்ட மலேசியரிடையே இந்நோய் 1996இல் 8.3 விழுக்காடாக இருந்தது. 2006இல் 14.9 விழுக்காடாயிற்று. பத்தே ஆண்டுகள். ஓர் இனத்தின் பரம்பரைக் கூறுகள் பத்தாண்டில் மாறுமா? நம் பாட்டனுக்கு இருந்த அதே உடலமைப்புதான் நமக்கும். பாட்டன் அருந்தியதும் உண்டதும் உழைத்ததும் வேறு. நாம் அருந்துவதும் உண்பதும் அமர்ந்திருப்பதும் வேறு. பரம்பரை வெடிமருந்தை வைத்திருக்கலாம். தீக்குச்சியைக் கிழித்தவர் யார் என்பதே கேள்வி.

சீனிக்கும் நமக்கும் உள்ள உறவு இப்பகுதியில் ஏனைய இடங்களைவிட ஆழமானது, கசப்பானதுங்கூட. நம் முன்னோர் இங்கே பால்மரம் சீவுவதற்கு வந்தவர் என்றே மாணவர் பலரும் எண்ணுகின்றனர். பினாங்கைப் பொறுத்தவரை அது பாதிக் கதை. இரப்பர் வருவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையில், அக்காலத்தின் வெல்லெஸ்லி மாநிலத்தில், கரும்புத் தோட்டங்கள் பரந்து கிடந்தன. பத்து காவான், நிபோங் திபால் வட்டாரங்களிலிருந்த அத்தோட்டங்களுக்காகவே நாகப்பட்டினத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் கப்பலேற்றப்பட்டனர். முன்பணத்துக்கு ஈடாக ஆண்டுக்கணக்கில் உழைப்பைக் கட்டிவைத்த அந்த ஒப்பந்த முறை மலாயாவில் 1910இல்தான் ஒழிந்தது. கரும்பு வெட்டியவன் தமிழன். சீனியைத் தின்றவன் ஐரோப்பியன். அன்று சீனி நம்மவர்க்கு எட்டாத பொருள். வேர்வையை மட்டும் கேட்ட பொருள். இன்று அதே சீனி மலிவாகிவிட்டது. அன்று நம் உழைப்பைத் தின்ற அது, இன்று நம் உடலைத் தின்கிறது. கரும்புக் காடுகள் மறைந்து இரப்பர் வந்தது. இரப்பரும் போய்த் தொழிற்சாலைகள் வந்தன. சீனி மட்டும் அவ்வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. நாட்டின் முதல் சீனி சுத்திகரிப்பு ஆலையும் செபராங் பிறையைச் சேர்ந்த பிறை நகரில்தான் அமைந்தது.

சீனி நம் வாயினுள் நுழைந்த வழி தகரக் குவளை வழி. கெட்டிப்பால் தகரங்கள் தோட்டப்புறங்களிலும் நகரத்து ஒட்டுக்கடைகளிலும் நிரம்பிய காலத்தில், குளிர்பெட்டியில்லாத வீட்டுக்கு அவை பெருவசதியாக இருந்தன. அவ்வசதியை மறுப்பதற்கில்லை. ஆனால் கைக்குழந்தைகளுக்கும் அதையே நீரிற் கரைத்துப் புகட்டலாமென்று விளம்பரம் செய்த வணிகர்களும் இருந்தனர். அக்கொடுமையைக் கண்டு கொதித்தவர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தார்முன் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்' என்று பொருள்படும். தவறான விளம்பரத்தால் குழந்தைகள் மடிவதைக் கொலையென்றே கருதவேண்டும் என்று வணிகப் பெருமக்கள் நிறைந்த அவையில் அவர் சொன்னார். எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அவ்வுரையை நம் பாடநூல்களில் எங்கேனும் கண்டோமா?

அந்தத் தகரம் இன்றும் நம் தேநீர்க் கடைகளில் வரிசையாக நிற்கிறது. ஆனால் பல தகரங்களில் உள்ளது இன்று பாலுங்கூட அன்று. பால் திடப்பொருளோடு பாமாயிலும் சீனியும் சேர்த்த 'இனிப்புக் கிரீமர்' அது. தகரத்தின்மேல் அப்படித்தான் எழுதியும் இருக்கிறது. நாமோ எழுத்தைப் படிப்பதில்லை, படம் பார்க்கிறோம். அதன் எடையில் ஏறத்தாழ பாதி சீனி. ஒரு குவளை தே தாரிக்கில் இரண்டு மேசைக்கரண்டிக் கிரீமர் ஊற்றப்படுவதாகக் கொண்டால், அதில் மட்டும் ஏறத்தாழ 20 கிராம் சீனி வருகிறது. கடைக்காரர் தம் அன்பின் மிகுதியால் மேலும் ஒரு கரண்டி வெள்ளைச் சீனி போட்டால் அது தனிக் கணக்கு.

இக்கணக்கை மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று என நாளுக்கு மூன்று குவளை. 60 கிராம். ஓராண்டில் ஏறத்தாழ 22 கிலோ. கடையில் ஒரு கிலோப் பொட்டலங்களாக இருபத்திரண்டை மேசைமேல் அடுக்கிவைத்து, "இதை ஓராண்டில் நீ தின்றாய்" என்று ஒருவரிடம் காட்டினால் அவர் நம்பமாட்டார். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வகுத்த நெறிப்படி, உணவிற் சேர்க்கப்படும் சீனி ஒருவர் பெறும் ஆற்றலில் பத்திலொரு பங்குக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். இருபதிலொரு பங்குக்குக் கீழே வைத்தால் மேலும் நலம். அந்த இரண்டாம் அளவு ஏறத்தாழ 25 கிராம். மூன்று குவளைத் தேநீரிலேயே அதைப்போல் இருமடங்குக்கு மேல் முடிந்துவிடுகிறது. கேசரியும் பிஸ்கட்டும் பொட்டலப் பானமும் இன்னும் வரவில்லை.

"தே ஓ கோசோங்" என்று கேட்பவரை நம் கடைகளில் நோயாளியாகப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. சீனியில்லாமல் கேட்டால், "உங்களுக்கும் வந்துவிட்டதா?" என்று பரிவோடு வினவுகின்றனர். நோய் வருமுன் சீனியைக் குறைப்பவர் ஒருவர் இருக்கக்கூடும் என்று நம் சமுதாயத்துக்குத் தோன்றுவதே இல்லை. இக்கேள்வியை நானும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "இல்லை, வராமலிருக்கவே" என்றால் அதை எவரும் நம்புவதில்லை.

நாசி கண்டாருக்கு வருவோம். பினாங்கின் பெருமை அது. அதைப் பழித்துவிட்டு ஜார்ஜ் டவுன் வீதியில் நடமாட எனக்கும் துணிவில்லை. ஆயினும் அதன் பெயரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 'கண்டார்' என்னும் மலாய்ச் சொல் தோளிற் சுமக்கும் காவடித் தண்டைக் குறிப்பது. தமிழ் முசுலிம் வணிகர்கள் தண்டின் ஒரு முனையில் சோற்றையும் மறுமுனையில் கறியையும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாகச் சுமந்து விற்ற உணவு அது. அதனை வாங்கி உண்டவருள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் முதன்மையானவர்கள். சுமந்தவனும் உழைத்தான், உண்டவனும் உழைத்தான். ஒரு மலைச் சோறும் நான்கு வகைக் குழம்பும் அவர்களுக்கு நண்பகலுக்குள் வேர்வையாகிப் போயின. இன்று அதே மலைச் சோற்றைக் கணினியின் முன் அமர்ந்து பணியாற்றுபவர் உண்கிறார், அதுவும் இரவு பதினொரு மணிக்கு, உண்டவுடன் உறங்கப்போகிறார். உணவு மாறவில்லை, உழைப்பு மாறிவிட்டது.

தோட்டப்புறக் கதையும் இதுவே. விடியலுக்கு முன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளிகளைச் சுமந்தவருக்கு இனிப்பான கோப்பி வெறும் எரிபொருளாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின், அவர் மக்கள் பாயான் லெப்பாஸ், பிறைத் தொழிற்பேட்டைகளில் மாறுநேரப் பணிக்குப் போனார்கள். உடலுழைப்பு ஒழிந்தது, இனிப்புக் கோப்பி மட்டும் இரவுப் பணியின் விழிப்புக்காக இன்னும் ஒரு குவளை கூடிற்று. இதனைச் சொல்லும்போது, "அந்தக் காலத்து உணவு அமுதம்" என்று பாடத் தொடங்குவாரும் உளர். அவர்களுக்கும் ஒரு சொல். அந்தக் காலத்துத் தோட்டக் குழந்தைகள் கொக்கிப்புழுவாலும் இரத்தச் சோகையாலும் வாடியவர்கள். பழமையை வணங்குவதால் பயனில்லை. நாம் நீக்கவேண்டியது சீனியின் மிகை. மீட்கவேண்டியது உடலின் அசைவு.

வெள்ளை அரிசிச் சோற்றையும் விட்டுவைப்பதற்கில்லை. 21 நாடுகளில் 1,32,000 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. நாளுக்கு 450 கிராமுக்கு மேல் சோறு உண்டவரிடையே, 150 கிராமுக்குக் குறைவாக உண்டவரைக் காட்டிலும் நீரிழிவு மிகுதியாக வந்தது. அவ்வேறுபாடு மிகப் பெரிதாயிருந்தது தெற்காசியாவில்: 61 விழுக்காடு மிகுதி. சோறே காரணம் என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட முடியாதென்பது உண்மை. ஆனால் தட்டில் சோற்றைப் பாதியாக்கிக் கீரையையும் பருப்பையும் இருமடங்காக்குவதற்கு அறுதித் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று பேர் மாற்றிக் கொடுத்தால் சீனி சீனியல்லாமற் போய்விடும் என்னும் புதிய மூடநம்பிக்கையையும் இங்கே சாடியாகவேண்டும். நிறம் பழுப்பாயிருப்பதால் உடல் ஏமாந்துவிடாது. கருப்பட்டியில் சிறிதளவு தாதுக்கள் உண்டு. அவற்றுக்காக அதை உண்பது, காகிதத்துக்காகப் பட்டாசு வாங்குவது போன்றது. தமிழ் மரபு என்னும் முத்திரையைக் குத்திவிட்டால் எதையும் விற்கலாம் என்றாகிவிட்டது. நீரிழிவை அடியோடு ஒழிப்பதாகச் சொல்லித் தூளும் சாறும் விற்போரை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தமிழால் பிழைப்பதற்கு வேறு வழிகள் உண்டு.

இனிக் கோயிலுக்குப் போவோம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை நோக்கிச் செல்லும் சாலை நெடுகிலும் தண்ணீர்ப் பந்தல்கள். அவ்வறத்தைச் செய்வோரின் உள்ளம் பெரிது. இரவெல்லாம் நின்று தொண்டாற்றுகின்றனர். நான் கேட்பது ஒன்றே: தண்ணீர்ப் பந்தலில் தண்ணீர் எங்கே? சிவப்புச் சாற்றும் பொட்டலப் பானமும் இனிப்பு மாவுப் பானமும் குவிந்துகிடக்க, வெறும் நீர் கேட்பவர் தேடியலைய வேண்டியிருக்கிறது. காவடி எடுப்பவர் பல நாள் நோன்பிருந்து உடலைத் தூய்மை செய்துவருகிறார். அவரைப் பார்க்க வந்தவர் பந்தலுக்குப் பந்தல் சீனி குடித்து வீடு திரும்புகிறார். நம் முன்னோர் பந்தலில் வைத்தது நீரும் மோரும். மிளகும் உப்பும் இட்ட நீர்மோருக்கு எந்தக் கும்பினியும் விளம்பரம் தரமாட்டாது. அதனால்தான் அது காணாமற் போயிற்றோ என்னவோ.

"உண்பதும் பருகுவதும் தனி மனிதரின் விருப்பம், அரசும் கட்டுரையாளரும் தலையிடுவானேன்?" என்று கேட்பாருமுளர். விருப்பம் என்பது வெற்றிடத்திற் பிறப்பதில்லை. நாட்டில் சீனிக்கு நெடுங்காலம் அரசே மானியம் கொடுத்து விலையைத் தாழ்த்தி வைத்திருந்தது. 2013 அக்டோபரில் அம்மானியம் நீக்கப்பட்டது. 2019 சூலை முதல் நாள் தொட்டு, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. 2024இல் அது 50 சென்னாயிற்று. 2025 தொடக்கத்தில் 90 சென் ஆயிற்று. வரவேற்கிறோம். ஆனால் இடையில், 2023 நவம்பர் முதல், சில்லறை விலை உயராதிருக்கும் பொருட்டுச் சீனி உற்பத்தியாளர்க்குக் கிலோவுக்கு ஒரு ரிங்கிட் ஊக்கத்தொகை தர அரசு முடிவு செய்தது. ஒரு கை சீனிக்கு வரி போட்டது. மறுகை சீனிக்குப் பணம் கொடுத்தது. இதற்கு நடுவில் நின்றுகொண்டு தனி மனிதரின் விருப்பத்தைப் பற்றிப் பேசுவது நகைப்புக்குரியது. மேலும் அப்பான வரி புட்டியிலும் பெட்டியிலும் அடைத்து வரும் பானங்களைக் குறிவைத்து எழுந்தது. கடைக்காரர் கண்முன் கலக்கித் தரும் தே தாரிக்குக்கு அத்தகைய வரி இல்லை. நம்மவர் நாவைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான்.

ஏழையின் வாதம் இதனினும் வலுவுடையது. "நாள் முழுதும் உழைப்பவனுக்கு ஒரு குவளை இனிப்புத் தேநீர்தானே இன்பம், அதையும் பறிப்பீரோ?" என்று கேட்கும்போது, நடுத்தர வகுப்பினன் வாயடைத்துத்தான் போகவேண்டும். காய்கறி விலை ஏறுகிறது. மீன் விலை ஏறுகிறது. சீனியும் மாவும் எண்ணெயுமே மலிவு. இது மெய். இம்மெய்யை மறைத்துவிட்டு ஏழையை நோக்கி அறிவுரை கூறுவது அறமன்று. ஆனால் அந்த மலிவின் முழு விலையையும் சொல்லவேண்டாமா? நாட்டில் இரத்தச் சுத்திகரிப்புக்கு உட்படுவோர் தொகை ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. புதிதாக அதற்கு வருவோரிற் பாதிக்கு மேற்பட்டோரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது நீரிழிவே. கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் இரு ஊசிகளோடு இயந்திரத்தின் அருகே கிடக்கவேண்டும். கூலிவேலை செய்பவர் கிழமைக்கு மூன்று நாள் விடுப்புக் கேட்டால் எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? வேலை போகும், வேலையோடு வீட்டு வாடகையும் பிள்ளையின் படிப்பும் போகும். பணமுள்ளவன் நீரிழிவோடு எண்பது வரை வாழ்கிறான். ஏழை ஐம்பத்தைந்தில் காலை இழக்கிறான். ஆகவே இவ்வின்பம் ஏழையின் நண்பன் என்பதை ஒப்ப முடியாது.

எழுத்தாளர்களாகிய நம்மை நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு. இந்நாட்டுத் தமிழிலக்கியத்தின் இளம்பருவத்தில் கள்ளைச் சாடாத கதையில்லை, கவிதையில்லை, நாடகமில்லை. வெறும் எழுத்தோடும் அது நிற்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. 1947இல், பினாங்கின் எல்லைக்கப்பால் கெடாவில், தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்து காவலரின் அடியையும் தாங்கினர். கூலியின் ஒரு பகுதியைக் கள்ளின் வழியே தோட்டத்துக்குள்ளேயே திரும்பப் பெறும் சூழ்ச்சியை அவர்கள் புரிந்துகொண்டிருந்தனர். படிப்பறியாதவர் எனப்பட்ட அவர்களுக்கு இருந்த தெளிவு, பட்டம் பெற்ற நமக்கு இல்லை. கள்ளுக்கு எதிராக மறியல் செய்தவரின் பேரப்பிள்ளைகள் சீனியைக் காசு கொடுத்து விளம்பரப்படுத்துகிறோம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு இனிப்புப் பானக் கும்பினியின் வண்டி வந்தால் ஆரவாரம் செய்து வரிசையில் நிற்கிறோம். கள் அருந்தியவன் தள்ளாடினான், ஊருக்குத் தெரிந்தது. சீனி அருந்துபவன் இருபதாண்டுகள் நிமிர்ந்தே நடக்கிறான். அதனால் அவனைப் பற்றி எழுத நமக்குத் தோன்றவில்லை போலும்.

குரல் எழவேயில்லை என்றும் சொல்லமாட்டேன். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எழுபதுகளிலிருந்தே சீனியையும் செயற்கைச் சாயத்தையும் பற்றி எச்சரித்து வந்தது. அதற்குப் பல்லாண்டுகள் தலைமையேற்று 2019இல் மறைந்த முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டிற் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர். வெள்ளுடையும் எளிமையுமாக, கேட்பவர் முகஞ்சுளித்தாலும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னவர். அச்சங்கத்தின் வெளியீடுகள் தமிழிலும் வந்தன. அவற்றை வாங்கி எத்தனை தமிழாசிரியர் வகுப்பறைக்குக் கொண்டுபோயினர் என்று எண்ணிப் பார்த்தால் நாணமே மிஞ்சும்.

ஆசிரியப் பெருமக்களே! திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருப்பதை நீங்கள் மாணவர்க்குச் சொல்லித் தருகிறீர்கள். முன்னுண்டது செரித்ததை அறிந்து, பசித்தபின், அளவறிந்து உண்பவன் உடலுக்கு மருந்தே வேண்டியதில்லை என்னும் கருத்தை அழகாக விளக்குகிறீர்கள். மனனப் போட்டி நடத்துகிறீர்கள். அப்போட்டியில் வென்ற சிறுவனுக்கு என்ன பரிசு கொடுக்கிறீர்கள்? ஒரு பை மிட்டாயும் ஒரு பெட்டி இனிப்புப் பானமும். இடைவேளை மணி அடித்ததும் அவன் ஓடுகின்ற சிற்றுண்டிச்சாலையில் விற்பது என்ன? சிற்றுண்டிச்சாலைக்கு அமைச்சின் வழிகாட்டிகள் உண்டு. அவை சுவரில் ஒட்டப்பட்டும் இருக்கும். சுவருக்குக் கீழே மேசையில் இருப்பதை ஆசிரியர்தாம் பார்க்கவேண்டும்.

குழந்தைப் பருவத்துச் சீனி முதுமையில் எப்படித் திரும்பி வருகிறது என்பதற்கு அண்மையில் ஒரு சான்று கிடைத்தது. இரண்டாம் உலகப்போரை ஒட்டி இங்கிலாந்தில் சீனிக்குப் பங்கீடு இருந்தது. 1953 செப்டம்பரில் அது நீக்கப்பட்டதும் மக்கள் உண்ட சீனி ஏறத்தாழ இருமடங்காயிற்று. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் முதல் இரண்டாண்டுகளிலும் வளர்ந்தவரையும், அதற்குச் சற்றுப் பின்னர்ப் பிறந்தவரையும் அறுபதாண்டுகள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தனர். 2024இல் 'சயன்ஸ்' இதழில் வந்த அவ்வாய்வின்படி, பங்கீட்டுக் குழந்தைகளுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 35 விழுக்காடும், இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 20 விழுக்காடும் குறைவு. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே பரம்பரை. வேறுபட்டது சீனி கிடைத்த அளவு. பரம்பரைச் சொத்து என்று சிரிப்பவர் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்?

அவ்வளவு தொலைவும் போகவேண்டாம். சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 இந்தியரை மூன்றாண்டுகள் கண்காணித்து 2006இல் முடிவை வெளியிட்டனர். உணவைத் திருத்தி நடைப்பயிற்சி மேற்கொண்டவரிடையே நோய் 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் அனைவரும் நம் குருதியினர், நம்மைப்போலவே சோறுண்பவர். வாயிலில் நின்றவரையே திருப்பி அனுப்ப முடிந்ததென்றால், வாயிலுக்கே வராத பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை ஏன் காக்க முடியாது?

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிட்டு, இருநூறாண்டுத் தமிழ்க்கல்வி என்று நாம் விழா எடுத்தவர்கள். இந்த 28 பள்ளிகளும் எவருடைய ஆணைக்கும் காத்திராமல் வரும் பள்ளியாண்டிலேயே செய்யக்கூடியன சில உண்டு. ஆசிரியர் அறையிலிருந்து கிரீமர் தகரத்தை அகற்றலாம். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் குவளையைத்தான் பார்க்கின்றனர். பரிசுப் பொருள்களிலிருந்து மிட்டாயை நீக்கி நூல் தரலாம். விளையாட்டுப் போட்டிக்குப் பானக் கும்பினி வண்டி வருவதாகக் கடிதம் வந்தால், நன்றி கூறி மறுத்துவிட்டு, பெற்றோரைக் கொண்டு நீர்மோர் கரைக்கச் சொல்லலாம். ஆறாம் ஆண்டு மாணவருக்கு, பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் சீனி அளவைப் படித்துக் கரண்டிக் கணக்காக மாற்றும் பயிற்சியைக் கணிதப் பாடத்திலேயே கொடுக்கலாம். அதற்கு மூன்று பாடவேளை போதும்.

எழுத்தாளர் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கதைகளில் நீரிழிவால் மாண்ட தந்தையர் பலர் இருக்கின்றனர். கடைசிப் பத்தியில், மருத்துவமனைக் கட்டிலில், மகனின் கையைப் பிடித்தபடி கண்மூடுகின்றனர். அத்தந்தையர் அதற்கு முன் முப்பதாண்டுகள் என்ன குடித்தனர் என்பதை எழுதும் கதை ஒன்றேனும் அடுத்த போட்டிக்கு வரட்டும். நடுவர்கள் அதனைப் பிரச்சாரம் என்று ஒதுக்கக்கூடும். கள்ளுக்கடைக் கதைகளையும் அன்று சிலர் அப்படித்தான் ஒதுக்கியிருப்பர்.